கப்பித்தான் ஆல்டன் தேடிய வழி

ஆறு என்கிறான். கயிற்றில் ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்க்கும் கிழவன் கப்பலின் முன்பக்கத்தில் நின்று தன் மொழியில் நீட்டிப் பாடுகிற அந்தச் சொல்லுக்கு ஆறு என்று பொருள். ஐந்து நாளில் அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆறு பாகம். ஆறு ஆள் வரிசையாகக் கைகளை விரித்து நின்றால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தண்ணீர். கப்பலின் அடி இரண்டு பாகம் இறங்கியிருக்கிறது. மிச்சம் நான்கு. அந்த நான்குதான் என் ஆயுள். சூரியன் இடப்பக்கம், ஈழத்துத் திசையிலிருந்து ஏறுகிறது. வாடைக்காற்று பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோலத் தள்ளுகிறது, அவசரமில்லாமல், விடாமல். கடலில் ஒரு சுருக்கம் இல்லை. ஊரில் இருந்தால் இதை நல்ல நாள் என்போம். வழி இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கிறேன். ஈழத்துக்கும் நம் கரைக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டுகளை ஊடுருவி, இவ்வளவு பெரிய கப்பல் தெற்குக் கடலுக்குப் போக ஒரு வழி இருக்கிறது, அதிராம்பட்டினத்து அசனா மாலுமிக்கு அது தெரியும், காட்டுகிறேன் என்று. தோணி போகும். தண்ணீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து, சரக்கைக் குறைத்து, ஆட்கள் இறங்கித் தள்ளினால் தோணி போகும். இது போகாது. ஐந்து நாளாக இது எனக்கு மட்டும் தெரிந்த செய்தி. இன்னும் சற்று நேரத்தில் கிழவனின் ஈயக்குண்டு எல்லோருக்கும் சொல்லிவிடும்.

"மாலுமியாரே, மூஞ்சியைக் கொஞ்சம் நல்லா வச்சுக்கும்," என்கிறான் லாசர் என் காதருகே. நாகப்பட்டினத்துக்காரன், பறங்கி மொழி தெரிந்த துபாஷி. கப்பித்தான் வேறு தேசத்தான், பறங்கிகளுக்குப் பகை; அவனுக்கும் அந்த மொழி கொஞ்சம் தெரியும், பறங்கிகளின் சிறையில் இரண்டு வருஷம் கிடந்து கற்றதாம். "சம்பந்தி வீட்டுல சோறு பத்தாம போன மாதிரி நிக்கிறீரு. கப்பித்தான் பாக்காட்டியும் மத்தவனுங்க பாக்குறானுங்க." நான் சிரிக்க முயல்கிறேன். உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதே உதடு, அதே பல், கப்பலின் அடியில் என்னை அடைத்துவைத்த அந்தக் கயிற்றறையில். யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கோடியக்கரைக்கு நேரே இவர்கள் படகு எங்கள் தோணியை மறித்தது. தோணியை விட்டார்கள், என் மச்சான் சேகுவை விட்டார்கள், மற்றவர்களை விட்டார்கள். மாலுமி யார் என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கையைக்கூட நீட்டவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். சேகு போய் என் வீட்டில், இல்லை, என் மனைவி பாத்துமுத்துவின் வீட்டில், எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது, ஆண் போய்த் தங்குகிறவன், அங்கே போய் என்ன சொல்லியிருப்பான்? அவள் அழுதிருக்க மாட்டாள். "அவுக எப்பவும் வீட்டுக்கு விருந்தாளிதானே, இன்னும் கொஞ்ச நாள் தள்ளி வருவாக" என்றிருப்பாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பாள். அந்தக் கதவு சாத்தும் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. இல்லை, அது பாய்மரத்தின் முனகல்.

முதல் நாள் உண்மையைத்தான் சொன்னேன். அதை யாராவது எங்காவது எழுதிவைத்தால் நன்றாக இருக்கும்: அவன் முதலில் உண்மையைத்தான் சொன்னான். மேலே அறையில் கடலை வரைந்த ஒரு தோல்படம் விரித்திருந்தது. கப்பித்தான் ஆல்டன் அதன்மேல் கையை வைத்திருந்தான். வலது கையில் மூன்று விரல்தான். நரைத்த தாடி, ஊதிய ஈறு, எதையும் உற்றுப் பார்க்காத கண். வழி உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் கோபப்படவில்லை, சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. லாசர் சொன்னான்: "எல்லா ஊர்லயும் முதல்ல இல்லைன்னுதான் சொல்லுவாங்களாம். வடக்கே பனிக்கடல்லயும் இல்லைன்னாங்களாம். இல்லைங்கிறவன்தான் எதையோ ஒளிக்கிறானாம்." பிறகு கயிற்றறை. ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாள் பாதியும். கீல் வாடை, எலி, சுவருக்கு அந்தப்பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம், குடிக்க ஒரு சொட்டு இல்லாமல். மேலே கூட்டி வந்தபோது மேசையில் ஒரு குவளை இருந்தது. கேள்வி அதேதான். குவளையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், இருக்கிறது. கப்பித்தான் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினான். பாதி குவளைக்கு வெளியே விழுந்தது. அப்போது அதைப்பற்றி நினைக்கவில்லை. மேசையில் சிந்தியதையும் கையால் வழித்துக் குடித்தேன். வழியைத் தாண்டியதும் உன்னைக் கரையில் விடுவேன், உன் பெயரைப் படத்தில் எழுதுவேன் என்றான். "எழுதுவாரு," என்றான் லாசர். "போற எடமெல்லாம் பேரு வைக்கிறதுதான் அவருக்கு வேலை. பனிக்கடல் முனைக்கெல்லாம் அவங்க ஊரு பிரபுக்களோட பெண்டாட்டி பேரு. நம்ம கோடியக்கரைக்கும் ஒரு சீமாட்டி பேரு விழுந்தாச்சு."

ஏழு. ஏழா? கிழவன் ஏழு என்கிறான். ரப்பே, ஏறுகிறது. இது பயத்தைவிட மோசம். பயம் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இது எழுந்து நடக்கிறது. ஏனென்றால் நான் சொன்னது முழுப்பொய் இல்லை. எனக்கு இருபது வயதிருக்கும்போது, கல்யாணமான வருஷம், ஒரு பெரும்புயல் அடித்தது. மணல்திட்டு கடலின் வேலைதானே, கடல் நினைத்தால் வெட்டும், நினைத்தால் மூடும். அந்தப் புயலுக்குப் பின் வாப்பாவும் நானும் தோணியில் தெற்கே காயல் துறைக்குப் போனோம். திட்டுக்கு நடுவே ஓரிடத்தில் தண்ணீர் கறுத்திருந்தது. நான் சுக்கானில். வாப்பா முன்னால் நின்று கயிற்றை விட்டுப் பார்த்தார். இருபக்கமும் மணலில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது, எனக்குக் கை நடுங்கியது, திரும்பலாம் வாப்பா என்று கத்தினேன். வாப்பா திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நாலு பாகம் இருக்குடா, போ." நாலு. அவ்வளவு இருந்தால் இந்தக் கப்பலும் போகும். கயிற்றறையில் அந்த நாலு என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், அதன்மேல் ஏறி நின்றுதான் இருக்கிறது என்றேன். ஆனால் கயிறு எத்தனை பாகம் போனது? நான் பார்த்தேனா? வாப்பாவின் முதுகைத்தான் பார்த்தேன். நனைந்த கயிற்றை அளந்து கை ஒருமுறை விரிந்தது, இன்னொருமுறை விரிந்தது, பிறகு? அவர் உயரமான மனிதர், அவர் பாகம் மற்றவர் பாகத்தைவிட நீளம், அப்படியானால் நாலுக்கு மேலேயே இருக்கும். கை ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாம் முறை விரிந்ததா? நடுங்குகிற மகனிடம் ஒரு தகப்பன் என்ன சொல்வான்? இதை இருபத்திரண்டு வருஷமாக நான் யோசித்ததே இல்லை. வாப்பா இறந்து பதினொரு வருஷம் ஆயிற்று. கேட்க ஆளில்லை. கை ஒருமுறை விரிந்தது, இன்னொருமுறை.

ஐந்து. ஏழிலிருந்து ஒரே தாவலில் ஐந்து. லாசர் ஈயக்குண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அதன் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பை அப்பி வைத்திருப்பார்கள், கடலடி மண் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மண்ணைப் பார்த்து இடம் சொல்ல வேண்டியவன் நான். "பன்றிக் கொழுப்பா மாட்டுக் கொழுப்பான்னு என்னைக் கேக்காதீரும்," என்கிறான். "நான் ரெண்டும் திங்கிறவன். எனக்கு வித்தியாசம் தெரியாது." நான் நகத்தால் மண்ணை மட்டும் சுரண்டி எடுக்கிறேன். நேற்றுவரை சாம்பல் நிறச் சேறு, குழந்தைக்குப் பிசைந்த சோறுபோல. இன்று சேற்றோடு வெள்ளை மணலும் சிப்பித் துணுக்கும். திட்டு பக்கத்தில் இருக்கிறது. என் விரலில் இருக்கிறது. "என்ன சொல்லட்டும்?" என்கிறான் லாசர். "நல்ல மண் என்று சொல்." "நல்ல மண்ணா? நடறதுக்கா?" சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எவ்வளவு தெரியும்? அவன் கண் எப்போதும் கப்பல் ஆட்களின் கூட்டத்தில் இருக்கிறது. நான்கைந்து பேராக நின்று பேசுகிறார்கள், கப்பித்தான் பக்கம் வந்ததும் நிறுத்துகிறார்கள். கப்பித்தானுக்கு அடுத்த அதிகாரி, சிவப்புத் தலைக்காரன், நிறுத்துவதுகூட இல்லை, குரலை மட்டும் இறக்குகிறான். ஈறு அழுகி மூன்று பேரைக் கடலில் போட்டாகிவிட்டது, மீதிப்பேருக்கு வீடு போக வேண்டும். முன்னால் வழி இருக்கிறது என்னும்வரைதான் கப்பித்தான் கப்பித்தான். இல்லையென்றால் அவன் ஒரு கிழவன். ஆக அவனுக்கும் மிச்சம் மூன்று பாகம்தான். இதை நினைக்க எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும். இல்லை. பயந்தவனிடம் அகப்பட்டவனுக்குத்தான் பயம் அதிகம்.

சாயங்காலங்களில் அவன் தன் கதையைச் சொல்வான். தன் ஆட்களிடம் சொல்ல முடியாததை எல்லாம் புரியாத என்னிடம் சொன்னான், நடுவில் லாசர் பாதியை விழுங்கிப் பாதியைத் தமிழில் துப்புவான். தண்ணீர் வற்றினால் சேறு மட்டும் தெரியும் ஓர் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் கப்பலேறியவன். மூன்று முறை வடக்கே போயிருக்கிறான், பனிக்கடலுக்கு, அந்தப்பக்கமாகக் கீழ்த்திசைக்கு வழி தேடி. அங்கே கோடையில் சூரியன் மறைவதில்லையாம். கடல் கல்லாகுமாம், கல் வெடிக்கும்போது பீரங்கிச் சத்தம் கேட்குமாம். முதல் பயணத்தில் ஒரு விரிகுடாவின் முடிவைப் பார்க்காமல் திரும்பினான், அதனால் அது முடியவில்லை என்று நம்பினான். இரண்டாவதில் இரண்டு விரல் போயிற்று. அதிலேயே ஐந்து பேரைக் கரையில் விட்டு, அடுத்த கோடையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். மூன்றாவதில் போனபோது அடுப்புக் கல் மட்டும் இருந்தது. இதையெல்லாம் அவன் சொன்ன விதம், மழை எப்போது பெய்தது என்று சொல்வதுபோல. ஒரே ஓர் ஆளைப்பற்றிச் சொல்லும்போதுதான் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். தோலுடுத்த ஒரு மனிதன், அந்தப் பனிதேசத்துக்காரன். வழி உண்டா என்று கோடு வரைந்து கேட்டார்களாம். தலையாட்டினானாம். இந்தப் பக்கமா என்றால் ஆட்டினான், அந்தப் பக்கமா என்றாலும் ஆட்டினான். நல்லவன், சிநேகிதன் என்று கப்பலிலேயே ஏற்றித் தங்கள் தலைநகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தெருவில் ஜனம் கூடிப் பார்த்ததாம். நாற்பது நாள் இருமி இறந்தான். "கடைசியில் என்ன கேட்டான் என்று கேள்," என்றேன் லாசரிடம். ஏன் கேட்டேன்? லாசர் கேட்டான். கப்பித்தான் ஒரு சொல் சொன்னான். "வாயில வைக்கப் பனிக்கட்டி கேட்டானாம்," என்றான் லாசர், இந்தமுறை சிரிக்காமல். எனக்கு அங்கே என்ன கேட்கத் தோன்றும்? இல்லை என்றவன் ஒளிக்கிறவன், இருக்கிறது என்றவன் சிநேகிதன். சிநேகிதனை விடமாட்டார்கள். நான் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது அந்த ஊருக்குப் போகிற சொல்தான். வடக்கே ஒருவன் தலையாட்டியபோது அவனுக்கும் தாகமாக இருந்ததா?

நாலரை. நாலரை என்பதற்குக் கிழவன் ஒரு தனி ராகம் வைத்திருக்கிறான். கப்பித்தான் என் பக்கம் வருகிறான். கைப்பிடிக் கயிற்றைத் தொட்டுக்கொண்டே வருகிறான், கயிற்றுச்சுருளைக் காலால் தடவித் தாண்டுகிறான். அருகே நின்று கடலைப் பார்க்கிறான், கடல் இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே. "நிறம்?" என்கிறான் பறங்கியில். அவனுக்கும் எனக்கும் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு பறங்கிச் சொற்கள் உண்டு, கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்தவை: தண்ணீர், காற்று, கல், நல்லது, கெட்டது, உண்டு, இல்லை. பச்சை, நல்லது என்கிறேன். என்னைச் சோதிக்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவன் முகத்தை அருகில் பார்த்தேன். குவளைக்கு வெளியே விழுந்த தண்ணீர். எதையும் உற்றுப் பார்க்காத கண். எங்களிடம் ராப்பலகை இருக்கிறது, அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து நட்சத்திரத்தின் உயரத்தை அளப்போம். நட்சத்திரம் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. இவர்கள் சூரியனை அளக்கிறவர்கள். ஒரு கோலைக் கண்ணில் ஊன்றி உச்சிச் சூரியனை நேருக்கு நேர் பார்க்கிறவர்கள், தினம், நாற்பது வருஷம். இவனுக்குக் கண் இல்லை. ஏதோ கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நிழல், அவ்வளவுதான் இருக்கும். ஐந்து நாளாக நான் நடுங்கியது இந்தக் கண்களுக்கு. அவை என்னைப் பார்க்கவே இல்லை. கப்பலில் நாற்பது பேர். முன்னால் ஒரு குருடன். அவனுக்குக் கண்ணாக ஒரு பொய்யன்.

நாலு. கண்ணுக்கெட்டிய தூரத்தில், பச்சைக்கு அப்பால், வெள்ளையாக ஒரு கோடு. எனக்குத் தெரிகிறது, மேலே பாய்மரத்தில் இருப்பவனுக்கும் இன்னும் சற்று நேரத்தில் தெரியும். சும்மா இருந்தால் என்ன? நான் சும்மா இருந்தால் கப்பல் மணலில் ஏறும். மெதுவாகத்தான் ஏறும், உடையக்கூட உடையாது, ஆனால் அந்தக் குழப்பத்தில் ஒருவன் குதிக்கலாம், நீந்தலாம், ராமேசுவரத் தீவின் வால் அங்கே எங்கேயோ இருக்கிறது. குதிக்குமுன் சிவப்புத் தலைக்காரன் என் தலையில் கோடரியை வைப்பான். சொன்னால்? சொன்னால் கப்பல் தப்பும், வந்த வழியே திரும்பும், நானும் அதோடு. சேறு தெரியும் அந்த ஆற்றங்கரை வரைக்கும். கூட்டம் கூடிப் பார்க்கும். ஈறு அழுகும். எனக்கு இருமல் எளிதில் வரும், சிறுவயதிலிருந்தே, பாத்துமுத்து கற்பூரவல்லி பிழிந்து தருவாள். மூன்றரை. கிழவனின் குரலில் ராகம் இல்லை. இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். தோணியில் என்னை எல்லோரும் பார்த்த அதே மாதிரி. மூன்று. கை ஒருமுறை விரிந்தது. இன்னொருமுறை. மூன்றாம் முறை விரியவில்லை. வாப்பாவின் முதுகு இப்போது மிகத் தெளிவாகத் தெரிகிறது, கயிறு தொய்ந்து கையில் மடிந்தது தெரிகிறது. இரண்டு பாகம்தான். எங்கள் தோணிக்கு அது போதும். என் நடுக்கத்துக்குப் போதாது என்று அவர் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொன்னார். "வெள்ளை!" என்று கத்திவிட்டேன். பறங்கியில் கத்தினேனா தமிழில் கத்தினேனா தெரியாது. "மணல்! நிறுத்து! வழி இல்லை!"

நங்கூரம் விழுந்தது. கப்பல் ஒருமுறை முழுதும் நடுங்கி நின்றது. கிழவன் கடைசியாக ஒருமுறை குண்டை விட்டு, இரண்டரை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யாரும் என்னை அடிக்கவில்லை. கப்பித்தான் கூட்டத்தின் பக்கம் திரும்பி உரக்கப் பேசினான், நல்ல குரலில், பள்ளிவாசலில் நிக்காஹ் சொல்வதுபோல. லாசர் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னான்: "வழி கிடைச்சிருச்சாம். முன்னால இருக்கிறது அதோட வாசலாம். அவரே சின்னப் படகுல போய் அளந்துட்டு வருவாராம். மாலுமி மட்டும் போதுமாம், வேற ஆள் வேண்டாமாம்." வேறு ஆள் வேண்டாம். வேறு கண் வேண்டாம். அவன் விரும்பும் ஆழத்தை அவனே சொல்லிக்கொள்ளலாம். எதிர்ப்பார்கள் என்று நினைத்தேன். சிவப்புத் தலைக்காரன் தானே ஓடிவந்து படகை இறக்கக் கைகொடுத்தான். கப்பித்தானின் முழங்கையைப் பிடித்து ஏணியில் இறக்கியும் விட்டான், ஒரு மகனைப்போல. நான் லாசரைப் பார்த்தேன். "நீயும் வா." "எனக்கு வயிறு சரியில்ல," என்றான். பிறகு குனிந்து, ஏதோ என் தலைப்பாகையைச் சரி செய்வதுபோல, "துடுப்பை வேகமாப் போடும் மாலுமியாரே, கப்பலை விட்டுத் தள்ளியே இரும். திரும்பிப் பாக்காதீரும்," என்றான். என் தோளை ஒருமுறை அழுத்தினான்.

துடுப்புப் போடுகிறேன். கப்பித்தான் எதிரே உட்கார்ந்து சிறிய ஈயக்குண்டை விட்டு விட்டு எடுக்கிறான், ஒவ்வொரு தடவையும் மூன்று விரலால் கயிற்றைத் தடவி முடிச்சை எண்ணி ஏதோ முணுமுணுக்கிறான். காற்று மாறிக் கிழக்கிலிருந்து வீசுகிறது. கொண்டல். கொண்டலில் கப்பல் வடக்கே போகலாம். இது எனக்குத் தெரியும், அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும். துடுப்புப் போடுகிறவனுக்கு முதுகுதான் போகும் திசைக்கு, முகம் வந்த திசைக்கு. திரும்பிப் பார்க்காதே என்றால் எப்படி? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். முன்பாய் ஏறுகிறது. நங்கூரம் தூக்கும்போது பாடுவார்கள், இன்று பாட்டில்லை. நங்கூரக் கயிற்றில் ஒரு கோடரிச் சத்தம், தண்ணீர்மேல் நழுவி வருகிறது, இன்னொன்று. கப்பித்தான் தலையை நிமிர்த்துகிறான். கப்பலின் மூக்கு மெல்லத் திரும்புகிறது, பெரிய பாய் காற்றைப் பிடித்து உப்புகிறது. பின்பக்கம் லாசர் நிற்கிறான், கையசைக்கவில்லை. "கப்பல்?" என்கிறான் கப்பித்தான். இவன் இடுப்பில் கத்தி இருக்கிறது. உண்டு என்று சொல்லலாம், நன்றாக இருக்கிறது, நிற்கிறது என்று. சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியாக எண்ணிக்கொண்டிருப்பான். "இல்லை," என்றேன். "கப்பல் இல்லை." அவன் சிரித்தான். அதே சிரிப்பு. எல்லோரும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள். சிரிப்போடேயே காதைக் கப்பல் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு காத்திருந்தான். சுத்தியல் சத்தம் இல்லை. ஆட்கள் சத்தம் இல்லை. படகின் அடியில் தண்ணீர் மொத்து மொத்தென்று தட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். மூன்றாம் முறை கூப்பிட்டபோது குரல் பாதியில் மெலிந்துவிட்டது. ஈயக்குண்டு கையிலிருந்து வழுக்கிக் கயிற்றோடு தண்ணீருக்குள் போயிற்று, அவன் அதைப் பிடிக்கக்கூட இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்? லுஹர் தொழுகை நேரம் நெருங்கியிருக்கும், நிழல் குறுகிவிட்டது. கப்பல் ஒரு நாரையளவு ஆகிவிட்டது. நான் விடுபட்டுவிட்டேன் என்று மனத்துக்குச் சொல்கிறேன், மனம் நம்பவில்லை, அது இன்னும் கயிற்றறையில் உட்கார்ந்திருக்கிறது. இவனைக் கரைக்குக் கொண்டுபோனால் பறங்கிகள் இவனையும் தூக்கிலிடுவார்கள், இவனுக்கு வழிகாட்டிய என்னையும். விட்டுவிட்டுப் போனால் கேட்க யாரும் இல்லை. யாரும் இல்லை என்பது எவ்வளவு பெரிய வசதி, எவ்வளவு பெரிய பயம். துடுப்பின் நுனி மணலைத் தட்டியது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கால் நின்றது. ஆறு நாளைக்குப் பிறகு ஆடாத ஒன்றின்மேல் என் கால், நடுக்கடலில், நாலு பக்கமும் தண்ணீர், மார்வரைக்கும் தண்ணீர். ஆள் இறங்கியதில் படகு துள்ளியது. "மாலுமி!" என்று அலறினான் கப்பித்தான். நான் குதித்துவிட்டேன், நீந்திப் போய்விட்டேன் அல்லது முங்கிவிட்டேன் என்று நினைத்தான். "மாலுமி! மாலுமி!" அவன் முகத்தை அவ்வளவு அருகில், அவ்வளவு நேரம், கூசாமல் பார்த்தேன். ஐந்து நாளாக என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. அவன் விளிம்புக்கு வெளியே குனிந்து மூன்று விரல் கையால் தண்ணீரை, காற்றை, மறுபடி தண்ணீரைத் துழாவினான். கை என் தலையில் பட்டது. பிடித்துக்கொண்டது. தலையிலிருந்து காது, காதிலிருந்து தோள். தோளில் நின்றது. நான் ஆடவில்லை, மணலில் நிற்கிறேன் என்பது அதற்குப் புரிந்தது. மெல்ல என் கையின் வழியே கீழே இறங்கி, என் மார்பில் தண்ணீர் தொடங்கும் இடத்துக்கு வந்து, அங்கே நின்றுவிட்டது. அப்படியே வைத்திருந்தான், முடிச்சைத் தேடுவதுபோல.

"இல்லை," என்றான் கப்பித்தான் ஆல்டன். கேள்வியாகச் சொல்லவில்லை.

கையை எடுக்கவும் இல்லை. மறுபடியும் தோளுக்கு ஏற்றி அங்கே வைத்துக்கொண்டான். இதைத் தட்டிவிட எனக்கு ஒரு நொடி போதும். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தெற்கே, வெள்ளைக் கோட்டுக்கு அப்பால், ஒரு திட்டின் முதுகு மங்கலாகத் தெரிகிறது. அதன்மேல் ஏதோ கறுப்பாக, குடிசையாக இருக்கலாம், பறவைகளாக இருக்கலாம். படகை இழுக்க அதன் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிந்தேன். முடிச்சு இரண்டு முறை நழுவியது. ஒரு கால் வைத்தேன், மணல் இருந்தது. அடுத்த காலைத் தூக்கும்போது தோளில் பிடி இறுகியது, வலித்தது. விடு என்று சொல்லப் பறங்கியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. தேடவும் இல்லை. அடுத்த காலை வைத்தேன்.